நிலமில்லாத அரசாங்கத்தின் பிரஜை

ஓர் அரசாங்கத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் அதற்கு இருந்தது. தலைவர், மந்திரிகள், ஆலோசகர்கள், பட்டாளம், கொடி, பாட்டு, கஜானா, வானொலி எதற்கும் குறைவில்லை. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் கேத்தே சினிமாக் கொட்டகையில் அது பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் நள்ளிரவில் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் தொடுத்ததால் எதிரிகளுக்கும் பஞ்சமில்லாமல் போயிற்று. பெர்லினில் அச்சான ஆசாத் ஹிந்த் தபால்தலைகள்கூட இருந்தன. பார்க்க அழகாக இருக்கும். எந்தத் தபால் ஆபீசிலும் விற்பனைக்கு வரவில்லை. இல்லாமல் போனது நிலம் ஒன்றுதான்.

அந்த அரசாங்கத்தின் பிரஜை ஒருவர் பழனி மலையில், பேத்துப்பாறையில், ஓட்டுவீட்டு வாசலில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை காயப்போடுவதைச் சிறுவயது முழுக்கப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் என் அப்பாவின் அப்பா. ஊரில் ‘மலாயாத் தாத்தா’ என்பார்கள். பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தையே சுதந்திர இந்திய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த சீட்டில் போடுவதற்காகத்தான் கற்றுக்கொண்டாராம். கைநாட்டு வைத்தால் போதும் என்றுதான் சொன்னார்களாம். இவருக்கு மனசு வரவில்லை. மலாயாவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் பிரமாணத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் ஒன்று, கோணல்மாணலாக, தாத்தாவுடையது. பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரத்திலும், ரேஷன் கார்டு விண்ணப்பத்திலும், பட்டா கேட்டு எழுதிய மனுக்கள் எல்லாவற்றிலும் விழுந்தது அதே கோணல் கையெழுத்துதான்.

அந்த அரசை எத்தனை நாடுகள் அங்கீகரித்தன என்பதைத் தாத்தா விரல்விட்டு எண்ணுவார். கட்டைவிரலை இரண்டு தடவை எண்ணிப் பத்து என்பார். உண்மையில் ஒன்பது. ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி, குரோஷியா, மஞ்சுகோ, நான்கிங்கில் இருந்த சீன அரசு, தாய்லாந்து, பர்மா, பிலிப்பைன்ஸ். வரிசையை மேலோட்டமாகப் படித்தால் கம்பீரமாக இருக்கும். கொஞ்சம் நின்று படித்தால்தான் வேடிக்கை. இத்தாலி என்பது அப்போது ஜெர்மானியர் தயவில் வட இத்தாலியில் முசோலினி நடத்திய மிச்ச அரசு. குரோஷியா ஜெர்மனியும் இத்தாலியும் உண்டாக்கிக் கொடுத்தது. மஞ்சுகோவில் ஜப்பான் உட்காரவைத்த சக்கரவர்த்தி பூயி. நான்கிங்கில் ஜப்பான் உட்காரவைத்த வாங் ஜிங்வெய். பர்மாவில் பா மாவின் அரசுக்கு மூன்று மாதம் நிறையவில்லை. பிலிப்பைன்ஸில் லாரெலின் அரசு நம் அரசைவிட ஏழே நாள் மூத்தது. ஒரு பொம்மை இன்னொரு பொம்மைக்கு, ‘நீ நிஜம்தான்’ என்று சான்றிதழ் கொடுத்த காலம் அது. பத்தாவது என்று தாத்தா எண்ணியது அயர்லாந்தாக இருக்கலாம். டி வலேரா வாழ்த்துச் செய்திதான் அனுப்பினார். வாழ்த்தையும் அங்கீகாரத்தையும் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாண மொய்யில்கூட.

அவர் மலாயாவுக்குப் போனது 1937இல். பழனிக்குக் கீழே ஒரு கிராமத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன கும்பலோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அடுத்த வருஷமே இந்திய அரசு தோட்டக்கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. “ஒரு வருஷம் பிந்தியிருந்தா தப்பிச்சிருப்பேன்டா” என்பார். எதிலிருந்து என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வரும். ரப்பர் பால்வெட்டிலிருந்து. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் கிராணியிடமிருந்து. ஜப்பான்காரனிடமிருந்து. அப்பத்தாவோடு சண்டை போட்ட நாளாக இருந்தால், கல்யாணத்திலிருந்து.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. துரைகள் ஓடினார்கள். அடுத்து வந்தவர்கள் முதலில் கடிகாரத்தைத் திருத்தினார்கள். மலாயா முழுவதும் டோக்கியோ நேரம். நேற்றுவரை நாலரை மணி என்று இருந்தது இன்று ஆறு மணி. சிங்கப்பூருக்கு ஸ்யோனான் என்று புதுப்பேர். வருஷம் 2602 ஆகிவிட்டது. நோட்டில் வாழைமரம் முளைத்தது. சாலையில் நிற்கும் சிப்பாயைப் பார்த்துக் குனியாவிட்டால் அறை விழும். குனிந்த விதம் சரியில்லை என்றாலும் விழும். ஆக்கிரமிப்பு என்பதைத் தாத்தா விளக்கியதெல்லாம் இவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்தில் அரிசி இருந்தது, மரியாதை இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் இரண்டும் இல்லை, மரவள்ளிக்கிழங்கு இருந்தது.

பிறகு தோட்டங்களில் ஆள்பிடி தொடங்கியது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடக் கூலிகள் வேண்டும். கொஞ்ச நாள் வேலை, நல்ல சம்பளம் என்று முதலில் நயமாகக் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பாததால் அடுத்த தோட்டத்தில் நயம் பலிக்கவில்லை. இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து லாரியில் ஏற்றினார்கள் என்பார் தாத்தா. அந்தப் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த பல்லாயிரம் ஆசியக் கூலிகளில் பெருங்கூட்டம் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். இரண்டு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. நாலாம் நாள் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு பிரகடனம். பாடப்புத்தகம் இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் போடாது. தாத்தா எப்போதும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

“நீங்க பட்டாளத்துல சேந்தது நாட்டுக்காகவா, சயாமுக்குப் பயந்தா?” என்று கல்லூரியில் படித்த திமிரில் ஒரு நாள் கேட்டேன்.

“ரெண்டுக்கும்தான். சோறு போட்டாங்க, அதையும் சேத்துக்க.”

இந்த நேர்மைக்கு வரலாற்றுப் புத்தகங்களில் இடம் குறைவு. அந்த அரசின் தலைவர் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸைப் பற்றிப் பேசும்போது மட்டும் தாத்தாவின் குரல் வேறாகிவிடும். நேதாஜி ஹிந்துஸ்தானியில் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வாராம். மழை கொட்டியும் கூட்டம் கலையவில்லையாம். பெண்கள் கழுத்துச் சங்கிலியையும் தாலியையும் கழற்றிக் கொடுத்தார்களாம். ஒரு மாலையை ஏலம் விட்டால் முதலாளிகள் சொத்தையே எழுதிக் கொடுப்பார்களாம். எல்லா முதலாளிகளும் அப்படி உருகிவிடவில்லை. போர்க்காலத்தில் உங்கள் உயிரும் உடைமையும் நாட்டுக்குச் சொந்தம் என்று, தயங்கிய பணக்காரர்களை நேதாஜி மேடையிலேயே மிரட்டியதும் நடந்தது. நிலமில்லாத அந்த அரசுக்கு வரிவசூல் மட்டும் பிரமாதம். 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி திறந்ததே பணம் வைக்க இடம் வேண்டித்தான்.

தமிழர்கள் அந்த அரசில் கூலிகளாக மட்டும் இருக்கவில்லை. மந்திரிசபையில் பெண்கள் துறை சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனிடம். ஜான்சி ராணிப் படைக்கும் அவர்தான் தளபதி, படையில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பிரச்சாரத் துறை, பத்திரிகையாளராக இருந்த எஸ்.ஏ. அய்யரிடம். இன்னொருவர் லெப்டினென்ட் கர்னல் லோகநாதன். ஆற்காடு துரைசாமி லோகநாதன், ராணுவ மருத்துவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பொம்மை அரசு என்றால் என்ன என்பதை இரண்டு முனையிலும் அனுபவித்த மனிதர் அவர்.

டோக்கியோவில் 1943 நவம்பரில் நடந்த கிழக்காசிய மாநாட்டில் நேதாஜி பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அங்கே பிரதமர் டோஜோ, அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுதந்திர இந்திய அரசிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். ஆக, நிலமும் வந்தாயிற்று. டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் நேதாஜி கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ஷகீத், ஸ்வராஜ் என்று பேர் வைத்தார். அந்த நேரத்தில் செல்லுலார் சிறைக்குள், ஜப்பானியர் உளவாளிப் பட்டம் கட்டி அடைத்த டாக்டர் திவான் சிங் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தமானில் இந்திய சுதந்திர லீகின் தலைவர், அதாவது நேதாஜியின் ஆள். கொடியேறிய இரண்டு வாரத்தில் செத்துப்போனார். கொடியேறிச் சரியாக ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை வரிசையாக நிறுத்தி ஜப்பானியர் சுட்டார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் மண்ணில், சுதந்திர இந்தியாவின் பிரஜைகளை.

அதற்குப் பிறகு தலைமை ஆணையராக அங்கே போய்ச் சேர்ந்தார் லோகநாதன். போலீசைக் கொடு என்றார். யுத்தம் முடியட்டும் என்றார்கள். நிர்வாகத்தைக் கொடு என்றார். யுத்தம் முடியட்டும். கடைசியில் கொடுத்தது கல்வித்துறை ஒன்றை. நாலு பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு ஒரு மாகாணத்தின் ஆணையராக அவர் அமர்ந்திருந்தார். சில மாதங்களில் உடம்பும் மனசும் கெட்டுத் திரும்பிவிட்டார். கயிறு யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஆடுகிறவருக்கே கயிறு தெரிந்திருந்தது என்பதுதான் இதில் பாவம். தாத்தாவோ அந்தமான் நம்முடையதாகிவிட்டது என்று கேம்பில் மிட்டாய் கொடுத்ததை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார். ஹம்ப்ரிகஞ்ச் பற்றி நான் படித்துச் சொன்னபோது வெகுநேரம் கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப மிட்டாய் தின்ன நாளு எது?” என்றார்.

1944இல் அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். எந்த ரயில்பாதைக்குப் பயந்து பட்டாளத்தில் சேர்ந்தாரோ அதே பாதையில்தான் போனார். வழியில் எதையும் பார்க்கவில்லை, இருட்டு என்பார். ரயில் பகலிலும் போயிருக்கும். நான் துருவிக் கேட்டதில்லை.

இம்பால் போருக்கு அவர் போகவில்லை. மொய்ராங்கில் ஏப்ரல் 14 அன்று கொடி ஏறியது, ஜூலையில் மழையிலும் பசியிலும் படை திரும்பியது எல்லாம் அவருக்குச் செவிவழிச் செய்தி. அவர் ரங்கூனில் காவலுக்கு நின்றவர். அதனால் அந்த அரசு நிஜமாகவே ஆட்சி செய்த நாட்களைக் கண்ணால் பார்த்தார்.

1945 மார்ச் 27 அன்று பா மா அரசின் போர் மந்திரி ஆங் சான், தன் படையைத் திருப்பி ஜப்பானியரையே சுடத் தொடங்கினார். கயிற்றை அறுத்த பொம்மை. நேதாஜி அதைச் செய்யவில்லை. ஆங் சானோடும் சண்டை போடவில்லை. இரண்டு படைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்று ஏற்பாடு. ஏப்ரல் கடைசியில் வெள்ளைக்காரன் ரங்கூனை நெருங்கியபோது ஜப்பானியர் மூட்டை கட்டினார்கள். பா மா போனார். நேதாஜியும் ஏப்ரல் 24 இரவு, ஜான்சி ராணிப் படைப் பெண்களோடு கிளம்பினார். அவர்களை முன்னால் அனுப்பாமல் கூடவே நடந்தார் என்பதைத் தாத்தா நூறு தடவை சொல்லியிருப்பார். கிளம்பும் முன் லோகநாதனைக் கூப்பிட்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொடுத்து, நகரத்தையும் அங்கே உள்ள இந்தியர்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். ஜப்பான்காரன் போய்விட்டான், வெள்ளைக்காரன் இன்னும் வரவில்லை. அந்தமானில் நாலு பள்ளிக்கூடத்துக்கு மேல் கொடுக்கப்படாத அதே டாக்டர் கையில் இப்போது பர்மாவின் தலைநகரம். மூன்று வருஷம் முன்பு, வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய நாட்களில், அந்த ஊர் கொள்ளையிலும் தீயிலும் சீரழிந்தது. இந்தியர் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் திரும்பி, வழியெல்லாம் செத்தார்கள். இந்தத் தடவை அப்படி நடக்கவில்லை. தெருவுக்குத் தெரு ஆள் நிறுத்தினார்கள். கடைத்தெருவில் ரோந்து சுற்றினார்கள். வங்கி திறந்திருந்தது. ரங்கூன் சிறையில் இருந்த வெள்ளைக்காரக் கைதிகள் காவலாளிகள் ஓடியதைக் கண்டு, ‘ஜப்பான்காரன் போய்விட்டான்’ என்று கூரைமேல் பெயிண்டில் பெரிதாக எழுதிவைத்தார்கள். மேலே பறந்த அவர்கள் விமானிகளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மே 3 அன்று பிரிட்டிஷ் துருப்புகள் இறங்கும்வரை, எந்தக் கயிறும் இல்லாமல், யாருடைய அங்கீகாரமும் இல்லாமல், தலைவரும் மந்திரிகளும் ஊரைவிட்டுப் போன பிறகு, அந்த அரசாங்கம் ஒழுங்காக ஓர் ஊரை ஆண்டது. வந்த வெள்ளைக்காரனும் முதல் சில நாட்கள் காவலைத் தொடரச் சொன்னான். ஆயுதத்தை வாங்கிக்கொண்டது பிறகுதான். வங்கியையும் அந்த மாதமே சீல் வைத்தான்.

“திருட்டு ஒண்ணு நடக்கல. நான் நின்ன தெருவுல ஒரு வாழைத்தார்கூடக் காணாப்போகல” என்பார் தாத்தா. அவருடைய ராணுவ வாழ்க்கையின் ஒரே வெற்றி அது. துப்பாக்கி சுடவில்லை, தில்லி போகவில்லை, எதிரியைக் கிட்டத்தில் பார்த்தது சரணடைந்த அன்று. ஆனால் ஒரு தெருவைப் பத்துநாள் பத்திரமாக வைத்திருந்தார். எந்த அரசாங்கத்திடமும் நான் எதிர்பார்ப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிடைத்த நாட்கள் குறைவு.

சில மாதம் முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு, வெள்ளைக்காரன் பட்டாளத்திலிருந்து மாறி வந்தவனில்லை, தோட்டக்கூலி என்று கப்பலேற்றி விட்டார்கள். இடுப்பு வாரில் ஒரு கற்றை வாழைமர நோட்டு; மலாயாவில் சேர்த்தது. ரங்கூனில் செல்லாது, சென்னையில் செல்லாது, மலாயாவிலேயே செல்லாது என்று ஒவ்வொரு துறைமுகமாகத் தெரிந்துகொண்டார். கீழே சொந்த ஊரில் நிலம் இல்லை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து மலைமேல் காப்பித் தோட்ட வேலைக்கு ஏறி வந்தார். பேத்துப்பாறையில் பார்த்த முதல் காட்சி, சரிவு முழுக்க மலைவாழை. “கையில வச்சிருந்த நோட்டெல்லாம் இங்க வந்து முளைச்சிருக்குன்னு நெனச்சேன்” என்பார். நல்ல பேச்சுக்காரர். அந்த வாழையும் நிலைக்கவில்லை. முடிக்கொத்து நோய் பழனி மலை வாழையை ஒரு தலைமுறை தலைதூக்க விடாமல் அடித்தது.

அவர் மலையேறிய சமயம் தில்லியில் அவருடைய அரசாங்கம் நிஜமா பொம்மையா என்று செங்கோட்டையில் வழக்கு நடந்து முடிந்திருந்தது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்காக வாதாடிய புலாபாய் தேசாய், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ராஜத் துரோகிகள் அல்ல, ஓர் அரசின் வீரர்கள். அந்த அரசுக்குப் படை உண்டு, பிரஜைகள் உண்டு, பிற நாடுகளின் அங்கீகாரம் உண்டு, போர் தொடுக்கும் உரிமையும் உண்டு என்றார். ஒன்பது நாட்டுப் பட்டியல் கோர்ட்டில் மிகவும் உபயோகப்பட்டது. நாடு கடத்தும் தண்டனை விதித்தார்கள். ஊர் கொதித்த கொதிப்பில் 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்தார். சுதந்திரம் வந்தது. எல்லோரும் ஜெய்ஹிந்த் சொன்னார்கள். இந்தியப் பட்டாளத்தில் மட்டும் நேதாஜியின் ஐ.என்.ஏ. வீரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மதுரை, திண்டுக்கல் பக்கம் அவருடைய அரசாங்கம் வேறு வழியில் தொடர்ந்தது. ஊருக்குப் பத்து சுபாஷ், இருபது சந்திரபோஸ். முத்துராமலிங்கத் தேவர் மேடையில் நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன வரைக்கும் தாத்தாவும் நம்பினார். அதன் பிறகும் நம்பினார். 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் அறிவித்தது. ஐ.என்.ஏ.வினரும் வாங்கலாம் என்று யாரோ சொல்லி, அப்பா அவரை மலையிறக்கி ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும்.

“எத்தனை மாசம் அடைச்சு வச்சாங்க பெரியவரே?”

“நாலஞ்சு மாசம் இருக்கும் சார்.”

“ஆறு இல்லியா?”

“அவன் விட்டுட்டான் சார். நான் என்ன செய்ய?”

கூட இருந்த கைதி யாராவது எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று அந்த எழுத்தர் இரக்கத்தோடு சொன்னார். கூட இருந்தவர்களில் பாதிப்பேர் மலாயாவில், மீதி எங்கே என்று தெரியாது. இப்படியாக, ஒன்பது நாடுகள் அங்கீகரித்த அரசின் பிரஜையை அங்கீகரிக்கப் பத்தாவது ஒரு நாடு கிடைக்கவில்லை. அது அவருடைய சொந்த நாடாக இருந்தது தற்செயல். திரும்பும் பஸ்ஸில் அவருக்குக் கோபமே இல்லையாம். பெருமாள்மலையில் இறங்கி டீ குடித்துவிட்டு, ‘பாவம் அந்தப் பையன், அவனுக்கு மேல ஒருத்தன் கயிறு வச்சிருப்பான்’ என்றாராம்.

1965இல் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு எரிந்தபோது எங்கள் சரிவில் இந்தி தெரிந்த ஒரே ஆள் அவர். முன்னேறு, நில், வலப்பக்கம் திரும்பு என்பதற்கு மேல் பத்துச் சொல் தெரியும், அவ்வளவுதான். அதையும் மூடி வைத்துக்கொண்டார். இப்போது கொடைக்கானல் ஓட்டல் அடுப்படிகளில் வடக்கத்திப் பையன்கள். பேத்துப்பாறையில் விருந்தினர் விடுதி நடத்தும் என் சித்தப்பா மகன் வாட்ஸ்ஆப்பில் ஆங்கிலமும் இந்தியும் கலந்து ரூம் விலை சொல்கிறான். அஞ்சுவீடு அருவிக்கு வழி கேட்டால் இந்தியிலேயே திரும்பச் சொல்லிக்கொடுக்கிறான். தாத்தா கேட்டிருந்தால் உச்சரிப்பைத் திருத்தியிருப்பார்.

ஊரும் ஒரு மாதிரி முன்னேறித்தான் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அரசாங்கம் என்றால் எங்களுக்கு ரேஞ்சர், கிராம முன்சீப் இரண்டு பேர். இன்று வருவாய்த்துறை, வனத்துறை, ஊராட்சி, சுற்றுலா, மின்வாரியம் எல்லாம் உண்டு. மலையேற இ-பாஸ் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவு. இருட்டினால் மட்டும் இவை எல்லாம் இறங்கிப் போய்விட, யானைகள் வந்து வாழையையும் அவரையையும் பட்டர் புரூட்டையும் பார்வையிடும். பட்டாசு கொளுத்திக்கொண்டு வனக்காவலர் இரண்டு பேர் நிற்பார்கள். ஒரு தெருவைப் பத்து நாள் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போது விளங்கும்.

தில்லியிலும் நிறைய மாறியிருக்கிறது. இந்தியா கேட்டுக்குப் பின்னால், ஐந்தாம் ஜார்ஜ் நின்று, 1968இல் அகற்றப்பட்டுக் காலியாகக் கிடந்த மண்டபத்தில் 2022 முதல் 28 அடி கருங்கல் நேதாஜி நிற்கிறார். 2018 அக்டோபர் 21 அன்று அந்தத் தற்காலிக அரசின் பவள விழாவுக்குப் பிரதமரே செங்கோட்டையில் கொடி ஏற்றினார். அந்த வருஷமே, அதே டிசம்பர் 30 அன்று அந்தமானில் நீல் தீவு ஷகீத் தீவாகவும் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும் ஆயின. நேதாஜி பேர் வைத்தது அந்தமான், நிக்கோபார் முழுமைக்கும். 75 வருஷம் கழித்து அந்தப் பேர்களுக்கு இரண்டு சின்னத் தீவுகள் கிடைத்தன. பக்கத்து வீட்டுப் பையன் தேனிலவுக்கு அங்கே போய்வந்தான். எங்கே போனாய் என்றால் ஹேவ்லாக் என்கிறான். ஹேவ்லாக் யார் தெரியுமா என்றேன். ரிசார்ட் ஓனரா என்றான். 1857 சிப்பாய்களை ஒடுக்கப் போன வெள்ளைக்காரத் தளபதி என்று சொல்லி அவன் தேனிலவைக் கெடுக்க விரும்பவில்லை.

தாத்தாவின் வாழைமர நோட்டுகள் அப்பத்தாவின் தகரப்பெட்டியில் இருந்தன. தாத்தா போன பிறகும் அவர் அவற்றை வெளியே போடவில்லை. கூடவே, மாட்டுப்பால் விற்றதும் காப்பி விற்றதும் சேர்த்து, மகன்களுக்குத் தெரியாமல் ஐநூறு ரூபாய் நோட்டுகளும் அதே பெட்டியில் வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அவை செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். அப்பத்தாவுக்குக் காது கேட்காது. பெட்டியைத் திறந்தது மறுவருஷம் சித்திரையில், அவர் படுத்த படுக்கையான பிறகு. வங்கியில் மாற்றும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

போன வருஷம் விடுதிக்கு வந்த சென்னைக்காரர் ஒருவர் பழைய நாணயம் சேர்ப்பவர். தம்பி ஏதோ பேச்சில் சொல்லிவிட, வாழைமர நோட்டைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். ஒரு பத்து டாலர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு நானூறு ரூபாய் தருகிறேன் என்றார். ஸ்யோனானும் டோஜோவும் போய், மலாயாவே மலேசியாவாகி இத்தனை காலம் கழித்து, அந்த நோட்டு பேத்துப்பாறையில் முதல் தடவையாகச் செல்லுபடியானது. காந்தி படம் போட்ட பழைய ஐநூறுகளையும் காட்டினோம். அவர் கையால் தொடவில்லை. சட்டம் தெரிந்த மனிதர். ஜப்பான்காரன் நோட்டை எத்தனை கட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், இது பத்துக்கு மேல் வைத்திருந்தால் குற்றம், 2017லேயே சட்டம் வந்துவிட்டது, அபராதம் குறைந்தது பத்தாயிரம் என்று விளக்கினார். அவர் போனதும் அப்பா எண்ணிப் பார்த்தார். பதினொன்று இருந்தன. ஒன்றை எடுத்து அடுப்பில் போட்டார்.